மறதின்னு போனா, ராத்திரி கால் என்ன பண்ணுதுன்னு கேட்டாங்க

பெங்களூர் ஜெயநகர் பக்கம் இருக்கற இந்த தூக்கம், ஞாபக சக்தி கிளினிக்குக்கு 5-க்கு 4 ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன், முதல்ல நல்லதை சொல்லிடறேன், ஏன்னா ஆறு வருஷமா டாக்டர் டாக்டரா அலைஞ்சு யாருமே கேக்காத ஒரு கேள்விய இங்க உக்காந்த அஞ்சாவது நிமிஷத்துல கேட்டுட்டாங்க.

நான் அல்சூர். வேலை சிக்பேட்டைல ஒரு பட்டு புடவை ஹோல்சேல் கடைல, பர்ச்சேஸ் சேல்ஸ் ஜிஎஸ்டி எல்லாம் என் கைல. வயசு 46, இதே சீட்ல 19 வருஷம். பில் நம்பரை சொன்னா பார்ட்டி பேரை சொல்ற ஆளு நான், ஆரணி பார்ட்டி எவ்வளவு பாக்கி தர்மாவரம் பார்ட்டி எவ்வளவு பாக்கின்னு நோட்டை தொறக்காமயே சொல்லுவேன். அப்படி இருந்தவ போன வருஷம் ஆடி தள்ளுபடி சரக்கு போற நேரத்துல இருந்து தப்பு பண்ண ஆரம்பிச்சேன். பேப்பர்ல 84,600-னு இருக்கும், கண்ணு பேப்பர்ல இருந்து ஸ்க்ரீனுக்கு போறதுக்குள்ள நம்பர் போயிடும், மறுபடி பேப்பரை பாக்கணும் மறுபடி ஸ்க்ரீன், சில நேரம் மூணு தடவ. ஒரு நாள் 48,600-னு அடிச்சு பில்லும் போயிடுச்சு. முதலாளி ஒண்ணும் சொல்லல, ரொம்ப நல்ல மனுஷன், ஆனா அன்னிக்கு சாயந்திரத்துல இருந்து நான் போடற பில்லை எல்லாம் பக்கத்து சீட் பையன்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு அனுப்ப சொன்னாரு பாருங்க, அது எனக்கு நெஞ்சுல குத்துச்சு.

எனக்கு உள்ளுக்குள்ள இருந்த பயம் வேற. ஆம்பூர்ல எங்க ஆயா கடைசி நாலு வருஷம் பெத்த பொண்ணையே நீ யாரு வீட்டு பொண்ணும்மான்னு கேட்டாங்க. அம்மா அதுக்கு பதில் சொல்லிட்டு கொல்லப்பக்கம் போயி அழுவாங்க, நான் சின்ன பொண்ணா பாத்திருக்கேன். அந்த வியாதி எனக்கும் வந்துடுச்சு, அதுவும் 46-லயே வந்துடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். வீட்டுக்காரர்தான் ஜெயநகர் பக்கம் இந்த கிளினிக்ல தூக்கம், ஞாபக சக்தி ரெண்டையும் ஒண்ணா பாக்கறாங்களாம்னு விசாரிச்சுட்டு வந்து அப்பாயின்ட்மென்ட் போட்டாரு. இந்த வருஷம் தை மாசம் முதல் தடவ போனேன், இதுவரைக்கும் ஆறு விசிட் ஆச்சு.

டாக்டர் மேடம் கன்னடக்காரங்க, தமிழ் தடுக்கி தடுக்கி பேசறாங்க ஆனா பேசறாங்க. நான் மறதி, நம்பர் தப்பு, ஆயா கதை எல்லாம் ஒரே மூச்சுல சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க கேட்டது, ராத்திரி எத்தன மணிக்கு படுக்கறீங்க, எத்தன மணிக்கு தூங்கறீங்க, இது ரெண்டு கேள்வி மா, ஒண்ணு இல்லன்னு சொன்னாங்க. பத்தரைக்கு படுக்கறேன், தூக்கம் வர ரெண்டு ரெண்டரை ஆகும்னேன். நடுவுல நாலு மணி நேரம் என்ன பண்றீங்க? கால் குடைச்சல் மேடம், நடப்பேன்னு சொன்னேன். உடனே பேனாவை கீழ வெச்சுட்டு நிமிந்து உக்காந்தாங்க.

இந்த குடைச்சல் இருக்கறவங்களுக்குதான் இது புரியும். வலியும் இல்ல, அரிப்பும் இல்ல, மரத்து போறதும் இல்ல. கெண்டக்கால் எலும்புக்குள்ள ஏதோ ஊறுது, காலை ஆட்டுனா நிக்கும், நிறுத்துனா மறுபடி ஊறும். ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்ப வந்துச்சு, பிரசவம் ஆனதும் போச்சு, நாப்பது வயசுல திரும்ப வந்து உக்காந்துகிச்சு. துண்டை நனைச்சு சுத்துவேன், பழைய தாவணிய இறுக்கி கட்டுவேன், சமையல்கட்டுல இருந்து ஹாலுக்கு ஹால்ல இருந்து சமையல்கட்டுக்கு வெறுங்காலோட நடப்பேன், டைல்ஸ் ஜில்லுனு இருக்கும்ல அது கொஞ்சம் இதமா இருக்கும். மெட்ரோல சீட் காலியா இருந்தாலும் நின்னுட்டேதான் வருவேன். இதை எத்தனையோ பேர்கிட்ட சொல்லியாச்சு, ஒருத்தர் நரம்பு தளர்ச்சின்னு பி12 ஊசி போட்டாரு, ஒருத்தர் கால்சியம், ஒருத்தர் டென்ஷன் குறைங்கன்னாரு, ஒரு பெரிய ஆஸ்பத்திரில எடுத்தவுடனே ராத்திரி தங்கி தூக்க டெஸ்ட் எடுக்கணும் 14,000 கட்டுங்கன்னாங்க, பயந்து திரும்பி வந்துட்டேன்.

இங்க அந்த டெஸ்ட் வேணாம்னு சொன்னாங்க, இதுதான் எனக்கு முதல்ல நம்பிக்கை வந்த இடம். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமா ஆர்எல்எஸ், இதை கண்டுபிடிக்க மெஷின் தேவையில்ல, கேள்வி கேட்டாலே போதும், குறட்டை மூச்சு திணறல் இருந்தா மட்டும்தான் ராத்திரி டெஸ்ட் பத்தி யோசிக்கணும்னாங்க. காலை ஆட்டணும்னு அடக்க முடியாம தோணுதா, சும்மா இருக்கும்போது வருதா, நடந்தா குறையுதா, சாயந்திரம் ராத்திரில அதிகமா, இந்த நாலும் இருக்கணும், அப்புறம் தசைப்பிடிப்பு மூட்டு வலி மாதிரி வேற ஏதாவது இப்படி காட்டுதான்னு பாத்து அதை தள்ளணும், அவ்வளவுதான். தூங்கறப்ப கால் உதைக்கறீங்களான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க, அரை நிமிஷத்துக்கு ஒரு உதை மேடம்னு அவர் சொன்னாரு, எனக்கு அது வரைக்கும் தெரியவே தெரியாது, பாவம் மனுஷன் இத்தன வருஷம் சொல்லவே இல்ல. ஆர்எல்எஸ் உள்ளவங்க பத்து பேர்ல எட்டு பேருக்கு தூக்கத்துல அப்படி கால் உதறுமாம்.

இது புது வியாதியும் இல்லயாம். 1672-லயே தாமஸ் வில்லிஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் எழுதி வெச்சிருக்காரு, அப்புறம் 1945-ல கார்ல் ஆக்ஸல் எக்போம்னு ஸ்வீடன் டாக்டர் முழுசா எழுதி இந்த பேரை வெச்சாரு, அதனால வில்லிஸ் எக்போம் நோய்னும் சொல்வாங்களாம். நம்ம பெங்களூர்லயே கணக்கெடுத்து 2007-ல ஒரு ஆய்வு வந்திருக்கு, நூத்துக்கு சுமார் ரெண்டு பேருக்கு இருக்காம். இவ்வளவு பேருக்கு இருக்கற ஒண்ணை ஆறு வருஷம் டென்ஷன்னு சொல்லி அனுப்பினாங்களேன்னு வந்துச்சு கோவம்.

பத்து கேள்வி உள்ள ஒரு பேப்பர் குடுத்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 4, மொத்தம் 40. எனக்கு 27. 21-ல இருந்து 30 வரைக்கும் கடுமைன்னு கணக்கு. அப்புறம் நான் சாப்பிடற எல்லா மாத்திரையும் கேட்டாங்க. பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு தெரியும், இந்த ஊர் தூசியும் மகரந்தமும் மூக்குக்குள்ள போயிடுச்சுன்னா வருஷம் பூரா தும்மல்தான், நான் ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுட்டுதான் படுப்பேன், தூக்கமும் வரும்னு. தூக்கம் வர வைக்கற அந்த பழைய வகை அலர்ஜி மாத்திரையே கால் குடைச்சலை கூட்டுமாம்! வாந்திக்கு போடற சில மாத்திரை, மன அழுத்தத்துக்கு போடற சில மாத்திரைக்கும் இதே கதைதான்னாங்க. அலர்ஜிக்கு மூக்குல அடிக்கற ஸ்ப்ரே மாத்தி குடுத்தாங்க. டீ எத்தனன்னு கேட்டாங்க, கடைல ஆறு ஆகும்னேன். மாதவிடாய் எப்படின்னு கேட்டாங்க, மூணு வருஷமா ரொம்ப போகுது, ஏழெட்டு நாள்னேன். அந்த கேள்விய மறதிக்கு போன இடத்துல கேப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல.

ரத்த டெஸ்ட் காலைல வெறும் வயித்துல, இரும்பு மாத்திரை ஏதாவது சாப்பிட்டா முந்தின நாளே நிறுத்திட்டு வரணும்னு தெளிவா சொல்லி அனுப்பினாங்க. ரிசல்ட் வந்துச்சு, ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வெச்சிருக்கற இரும்போட அளவு) 19. லேப் ரிப்போர்ட்ல ரெண்டுமே நார்மல், ஒரு வரி கூட கறுப்பா அழுத்தி போடல. நானா இருந்தா ஃபைல்ல சொருகிட்டு போயிருப்பேன். டாக்டர் அந்த 19-ஐ சிவப்பு பேனால வட்டம் போட்டாங்க. சாதாரண ஆளுக்கு இந்த 19 லேப் கணக்குல வேணா பாஸ், ஆர்எல்எஸ் இருக்கறவங்களுக்கு பாஸ் மார்க் வேற, ஃபெரிட்டின் 75-ல இருந்தாலோ அதுக்கு கீழ இருந்தாலோ, இல்ல ரத்தத்துல இரும்பை சுமக்கற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டற டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்கு கீழ இருந்தாலோ இரும்பு குடுக்கலாம்னு 2025-ல அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி புது வழிகாட்டில சொல்லியிருக்காங்கன்னு சொன்னாங்க. மூளைல டோபமைன்ங்கற ரசாயனம் உண்டாக இரும்பு வேணுமாம், ஆர்எல்எஸ் காரங்களுக்கு ரத்தத்துல இரும்பு சரியா இருந்தா கூட மூளைக்குள்ள கம்மியா இருக்கலாமாம், எனக்கு ரத்தத்துலயே காலி. தயவு செஞ்சு இதை படிச்சுட்டு யாரும் கடைல போயி இரும்பு மாத்திரை வாங்கி முழுங்காதீங்க, சில பேருக்கு உடம்புல இரும்பு ஏற்கனவே அதிகமா சேர்ந்திருக்கும், அவங்களுக்கு அது கெடுதல், அளந்து பாத்துட்டுதான்.

இப்ப மறதி டெஸ்ட் பத்தி. இதுக்காகவே இந்த ரிவ்யூ எழுத உக்காந்தேன்.

டெஸ்ட் எடுக்கற பொண்ணுக்கு ஊர் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல், அழகா தமிழ் பேசுது. அக்கா எந்த பாஷைல பண்ணலாம்னுதான் முதல்ல கேட்டுச்சு. ஆபீஸ்ல இங்கிலீஷ் கன்னடம் எல்லாம் ஓடுது, ஆனா நீங்க மனசுக்குள்ள கூட்டல் கழித்தல் எந்த பாஷைல போடறீங்களோ அதுல பண்ணுவோம்னுச்சு. நான் தமிழ்லதான் கூட்டுவேன். இதுக்கு முன்னாடி ஒரு இடத்துல இங்கிலீஷ்ல பத்து நிமிஷம் கேள்வி கேட்டு மார்க் கம்மின்னு சொல்லி என்னை ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம பண்ணாங்க, அதனால இந்த ஒரு கேள்விக்கே நான் அந்த பொண்ணுக்கு தனியா நன்றி சொல்லணும்.

டைம் சாயந்திரம் அஞ்சரை. ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. ஆறரை மணிக்கு கால் ஆரம்பிச்சுடுச்சு, நான் நாற்காலில நெளியறதை பாத்துட்டு எழுந்து நின்னுக்கோங்க அக்கான்னு சொல்லி பேப்பரை ஃபைல் கப்போர்டு மேல வெச்சு குடுத்துச்சு, பாதி டெஸ்ட் நின்னுட்டே பண்ணேன், அதையும் ரிப்போர்ட்ல எழுதிச்சு, இன்னின்ன பகுதி செய்யறப்ப கால் தொந்தரவு இருந்துச்சுன்னு. அஞ்சு மாசம் கழிச்சு மறுபடி எடுத்தப்பவும் அதே அஞ்சரை மணிக்கே வர சொன்னாங்க, காலைல எடுத்தா கால் சும்மா இருக்கும், ரெண்டையும் ஒப்பிட முடியாதுன்னு.

15 வார்த்தை படிப்பாங்க, நாம திருப்பி சொல்லணும், அதே லிஸ்ட் அஞ்சு தடவ. அரை மணி நேரம் வேற வேலை குடுத்துட்டு மறுபடி கேப்பாங்க. அந்த வார்த்தை எல்லாம் இங்க எழுத மாட்டேன், எழுதினா அடுத்து போறவங்களுக்கு டெஸ்ட் வீணாயிடும். எனக்கு முதல் தடவ 4 வார்த்தைதான் வந்துச்சு. நாலு! கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஆயா முகம்தான் முன்னாடி நின்னுச்சு. ஆனா அஞ்சாவது தடவ 13, அரை மணி கழிச்சு கேட்டப்ப 12. நம்பர் சொல்லி அதை தலைகீழா சொல்ல சொன்னாங்க, மூணு நம்பருக்கு மேல முடியல. அப்புறம் ஒரு பெரிய பேப்பர்ல ரோஸ் வட்டம் மஞ்ச வட்டம்னு உள்ள நம்பரோட கலந்து கிடக்கும், 1-ல இருந்து 25 வரைக்கும் ரோஸ் மஞ்ச ரோஸ் மஞ்சன்னு மாத்தி மாத்தி கோடு இழுக்கணும், 148 செகண்ட் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ கலர் மாத்த மறந்துட்டேன்.

அப்புறம் ஒரு நிமிஷத்துல ப எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை, ஆள் பேர் ஊர் பேர் கூடாது. பட்டு, பாவு, பார்டர், பாவாடை, பல்லு, பருப்பு, பில்லு, பாக்கி, புட்டா, புளியங்கொட்டைன்னு கொட்டுது, நடுவுல பாலியஸ்டர் எடுத்துப்பீங்களான்னு கேட்டேன், எடுத்துக்கறேன் அக்கா நிறுத்தாம சொல்லுங்கன்னு சிரிச்சுட்டே எழுதுச்சு. மிருகம் பேர் ஒரு நிமிஷத்துல 19. இதுல மட்டும் என் வயசுக்கு நல்லாவே இருக்குன்னு சொன்னாங்க.

பத்து நாள் கழிச்சு டாக்டர் ரிப்போர்ட்டை வெச்சுகிட்டு விளக்குனது அப்படியே மனசுல நிக்குது. மா, உங்க ஆயாவுக்கு இருந்த மாதிரி மறதில, லிஸ்ட்டை அஞ்சு தடவ படிச்சாலும் ஏறாது, ஏறுனது அரை மணில அழிஞ்சிடும். உங்களுக்கு 13 ஏறி அதுல 12 நின்னிருக்கு. பெட்டி நல்லா இருக்கு, பெட்டிக்குள்ள போடற கைதான் களைச்சு போயிருக்குன்னாங்க. முதல் தடவ நாலு வந்தது, நம்பர் தலைகீழா வராதது, கலர் மாத்தறது லேட் ஆனது எல்லாம் கவனமும் மனசுல தாங்கி பிடிக்கற வேலையும், அது தூக்கம் இல்லாதவங்களுக்கு முதல்ல அடி வாங்கற இடம். 84,600 ஸ்க்ரீனுக்கு போறதுக்குள்ள போனது இதனாலதான்! எட்டு மாசமா என்னை தின்னுட்டிருந்த பயம் அந்த நாற்காலில இறங்குச்சு, வீட்டுக்காரர் என் கைய பிடிச்சுகிட்டாரு, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அப்ப ஒரு எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை சொல்ற டெஸ்ட் மட்டும் ஏன் நல்லா வந்துச்சுன்னு நான் கேட்டேன். அதுக்கு ஒரு சுவாரஸ்யமான பதில் சொன்னாங்க. அமெரிக்கால 2006-ல வந்த ஒரு ஆய்வுல ஆர்எல்எஸ் காரங்களை சாதாரண ஆளுங்களோட ஒப்பிட்டப்ப வார்த்தை சொல்றதுலயும் கோடு இழுக்கறதுலயும் இவங்க கம்மியா பண்ணாங்களாம். ரெண்டு வருஷம் கழிச்சு 2008-ல வேற மாதிரி யோசிச்சு, நல்லா இருக்கறவங்களோட தூக்கத்தை வேணும்னே குறைச்சுட்டு அவங்களோட ஒப்பிட்டு பாத்தாங்களாம், அப்ப வார்த்தை சொல்றதுல ஆர்எல்எஸ் காரங்க அவங்களை விட நல்லா பண்ணியிருக்காங்க! அதே அளவு தூக்கம் கெட்டா மத்தவங்க கண்ணு சொக்கி விழுவாங்க, இவங்க மூளை ஒரு மாதிரி முழிப்பாவே இருக்கு. எம்ஆர்ஐ மாதிரி ஒரு ஸ்கேன்ல மூளையோட நடுவுல தலாமஸ்ங்கற இடத்துல குளூட்டமேட்ங்கற ரசாயனம் கூடுதலா இருந்ததையும் 2013-ல காட்டியிருக்காங்களாம், அதுதான் இந்த முழிப்புக்கு காரணமா இருக்கலாம்னு ஒரு எண்ணம். ஆனா எல்லா ஆய்வும் ஒரே மாதிரி வரல, சிலதுல கவனம் கெடுதுன்னு வருது சிலதுல பெருசா வித்தியாசம் இல்லன்னு வருது, அதனால பொதுவா சொல்றதை விட உங்க பேப்பரை வெச்சு உங்களுக்கு சொல்றதுதான் சரின்னாங்க. இப்படி நேர்மையா சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு அப்ப. ராத்திரி ஒரு மணிக்கு கால் தாங்க முடியலன்னா நான் ஒரு நோட்டை எடுத்து வெச்சு சிக்கு கோலம் போடுவேன், 15 புள்ளி, கோடு எங்கயும் விடாம சுத்தி வரணும். அது போடற வரைக்கும் கால் கம்முனு இருக்கும், கோலம் முடிஞ்சு நோட்டை மூடுனா திரும்ப ஊறும். அந்த டெஸ்ட்லயும் அப்படித்தான், வட்டம் வட்டமா கோடு இழுக்கும்போது கால் தெரியவே இல்ல, அடுத்த டெஸ்ட்டுக்கு அந்த பொண்ணு விளக்கம் சொல்லிட்டு இருக்கும்போது உயிர் போகுது. இதை சொன்னதும் டாக்டர் தலையாட்டி, மூளைக்கு வேலை குடுத்தா கால் அடங்கறது ஆர்எல்எஸ்ல தெரிஞ்ச விஷயம்தான், ஆனா கோலம் போட்டு தூங்க முடியாதே மான்னாங்க. பழைய நோட்டு நாலு வீட்ல நிறைஞ்சு கிடக்கு.

வைத்தியம் சுருக்கமா சொல்றேன். முதல்ல மாத்திரையா இரும்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், எலுமிச்ச ஜூஸோட, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டீ கிடையாது, ஏன்னா டீ இரும்பை உடம்புல ஏற விடாது. கூடவே கைனிக் டாக்டர்கிட்ட அனுப்பி ரத்தப்போக்குக்கு தனியா பாக்க வெச்சாங்க, ஓட்டை வாளில தண்ணி ஊத்தி என்ன பிரயோஜனம். மூணு மாசத்துல ஃபெரிட்டின் 41 தான் ஆச்சு, வயித்து கோளாறு வேற. அதனால டிரிப்ஸ்ல இரும்பு, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1000 மில்லிகிராம், ஏறுனது கால் மணி நேரம், அப்புறம் அரை மணி நேரம் உக்கார வெச்சு பிரஷர் பாத்தாங்க, நர்ஸ் நல்ல கைராசி, ஊசி மருந்து வெளிய கசிஞ்சா தோல்ல கறை நிக்கும்னு பக்கத்துலயே நின்னு பாத்துகிட்டாங்க. அடுத்த நாளே குணமாகும்னு நினைக்காதீங்க, எனக்கு மூணாவது வாரம்தான் வித்தியாசம் தெரிஞ்சுது.

நடுவுல ராத்திரிக்கு பிரிகாபலின்னு ஒரு மாத்திரையும் குடுத்தாங்க. கால் அடங்குச்சு, தூக்கமும் வந்துச்சு, ஆனா காலைல பதினொரு மணி வரைக்கும் தலைல பஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு, கூட்டல் இன்னும் மோசம். போன் பண்ணி சொன்னேன், மறதிக்குன்னு வந்தவங்களுக்கு இது முக்கியம்னு உடனே டோஸை பாதியாக்கி சீக்கிரமா சாப்பிட சொன்னாங்க, இரும்பு வேலை செஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தியாச்சு. நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டு நிறுத்துங்க.

அங்க வெயிட்டிங்ல ஸ்ரீராம்புரத்து பெரியவர் ஒருத்தர் பழக்கமானாரு, ரிட்டயர் ஆனவரு. அவருக்கு வேற ஊர்ல ஒருத்தர் பிராமிபெக்ஸோல்னு ஒரு மாத்திரை எழுதி குடுத்திருக்காரு, முதல் மாசம் சாமி வந்து தொட்ட மாதிரி இருந்துச்சாம், ஒரு வருஷத்துல ராத்திரி பத்து மணிக்கு வந்த குடைச்சல் மத்தியானம் மூணு மணிக்கே வருது, காலோட நிக்காம கைக்கும் ஏறிடுச்சு, மாத்திரைய கூட்ட கூட்ட இன்னும் மோசம். இதுக்கு ஆக்மென்டேஷன்னு பேராம். டோபமைன் மாதிரி வேலை செய்யற இந்த வகை மாத்திரைய இப்ப வழக்கமா ஆரம்பிக்க வேணாம்னு அதே 2025 வழிகாட்டி சொல்லுதாம், சில பேருக்கு கட்டுக்கடங்காம சூதாடறது, பொருள் வாங்கி குவிக்கறதுன்னு கூட வருமாம். அவருக்கு இங்க மெதுவா குறைச்சுட்டு வராங்க, கஷ்டப்பட்டாரு, போன தடவ பாத்தப்ப உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்ப என் நிலைமை. ஃபெரிட்டின் 158. அந்த 40 மார்க் பேப்பர்ல 27-ல இருந்து 11. பதினொண்ணரைக்குள்ள தூங்கிடறேன், வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் குடைச்சல் வருது, வராம இல்ல. மறுபடி எடுத்த டெஸ்ட்ல முதல் தடவலயே 7 வார்த்தை, தலைகீழ் நம்பர் 5, வட்டம் 96 செகண்ட், மிருகம் 20. அந்த கேஜிஎஃப் பொண்ணு இதை கொண்டாட விடாம ஒண்ணு சொல்லுச்சு, அக்கா ரெண்டாவது தடவ எடுக்கும்போது பழக்கத்தாலயும் மார்க் ஏறும், அதனாலதான் வேற லிஸ்ட் குடுத்தேன், இருந்தாலும் இதுல கொஞ்சம் பழக்கம், மீதி நீங்கன்னு. கடைல பில் காட்டற ஏற்பாட்டை முதலாளி ஆனி மாசமே எடுத்துட்டாரு, நான் கேக்கவே இல்ல.

இப்ப குறை. கால் குடைச்சல்காரங்க வர்ற இடத்துல ஒண்ணே முக்கால் மணி நேரம் வெயிட்டிங்! அதுவும் வரிசையா தரைல அடிச்ச ஸ்டீல் நாற்காலி, முட்டி முன் சீட்டுல இடிக்கும். சாயந்திரம் ஏழு மணிக்கு எனக்கு உக்காரவே முடியாது, நின்னா ரிசப்ஷன்ல உக்காருங்க உக்காருங்க வழிய மறைக்காதீங்கன்னு மூணு தடவ சொன்னாங்க. அந்த ரிசப்ஷன் பொண்ணு மேல கோவம் இல்ல, ஆனா உள்ள டாக்டர் இவ்வளவு புரிஞ்சு பேசறாங்க, வெளிய ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்கு இது என்ன வியாதின்னு ஒரு அரை மணி நேரம் சொல்லி குடுத்திருக்கலாம்ல. ரிப்போர்ட் ஆறு பக்கம் முழுக்க இங்கிலீஷ், தமிழ்ல டெஸ்ட் எடுத்துட்டு ஒரு பக்கமாவது தமிழ்ல சுருக்கி குடுக்கலாம், எங்க அம்மாவுக்கு படிச்சு காட்ட முடியல. மெசேஜ் பண்ணா பதில் வர ரெண்டு நாள் ஆகுது, போன்தான் சரி.

செலவு கேப்பீங்க, டாக்டர் ஃபீஸ் 1,000, மறதி டெஸ்ட் ஒரு தடவைக்கு 4,500, டிரிப்ஸ் மருந்தோட சேத்து ஆறாயிரம் கிட்ட ஆச்சு. என் சம்பளத்துக்கு இது பெரிய காசுதான், ஆனா ஆறு வருஷம் ஊசிக்கும் டானிக்குக்கும் போட்டதை விட கம்மி.

போறவங்க தமிழ்ல டெஸ்ட் வேணும்னா போன்லயே சொல்லிடுங்க, அந்த கேஜிஎஃப் பொண்ணு புதனும் சனியும்தான் வருது. டோக்கன் வாங்கினதும் பின்பக்க படி ஏறி மொட்டமாடிக்கு போயிடுங்க, நடக்க இடம் இருக்கு, கூப்பிட்டா கேக்கும், அந்த ஸ்ரீராம்புரத்து பெரியவர் காட்டி குடுத்த இடம் அது. எனக்கு அடுத்த ஃபெரிட்டின் டெஸ்ட் கார்த்திகைல, ரிசல்ட் வந்ததும் இதுலயே சேத்து போடறேன்.